மூலம் என்று அறுத்தது மெலனோமா: பெரிய ஆபரேஷனா, சின்ன ஆபரேஷனா?

சித்தப்பாவுக்கு 62 வயது. எட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. சுவருக்குச் சுவர் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று எழுதியிருக்குமே, அப்படி ஒரு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டார். ரத்தம் நிற்கவில்லை. அப்புறம் ஒரு நர்சிங் ஹோமில் மூலம் என்றே அறுத்தார்கள். அறுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்பத் தேவையில்லை, வெறும் மூலம்தான் என்றார்கள். சித்தப்பாவின் மகள் நர்ஸ். விடாப்பிடியாக நின்று அனுப்ப வைத்தாள். பத்து நாளில் வந்த தாளில் 'மெலனோமா' என்று இருந்தது.

அது வெயிலில் காயும் வெள்ளைக்காரர்களுக்குத் தோலில் வருவது அல்லவா, இவருக்கு ஏன், அதுவும் அங்கே ஏன் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டோம். மெலனோமா என்பது நிறமி செய்யும் செல்களில் வரும் புற்றுநோய். அந்தச் செல்கள் தோலில் மட்டும் இல்லை. மூக்கின் உட்புறம், வாய், ஆசனவாய், சிறுநீர்க் குழாய் என்று உடம்பின் ஈரமான உள்சவ்வுகளிலும் இருக்கின்றன. அங்கே வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. மரபணுவைப் பார்த்தாலும் வெயில் பட்ட அடையாளம் பெரும்பாலும் இருக்காது. வெள்ளையர்களிடம் நூறு மெலனோமாவுக்கு ஒன்றுதான் இந்த வகை. சீனாவில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். சீனர்களுக்குச் சவ்வு மெலனோமா அதிகம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்குத் தோல் மெலனோமா குறைவு என்பதால் இதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. இந்த நோயைப் பற்றிய நல்ல ஆராய்ச்சிகளில் பல பெய்ஜிங்கிலிருந்து வருவதற்கும் அதுதான் காரணம்.

ஆண்களுக்கு இது வரும் இடங்கள் என்றால் மூக்கும் அதைச் சுற்றிய சைனஸ் அறைகளும், வாயின் மேலண்ணம், ஆசனவாய், மலக்குடலின் கடைசிப் பகுதி. வெகு அபூர்வமாக ஆண்குறியின் முனையிலோ சிறுநீர்க் குழாயிலோ வரும். ஆசனவாயில் வந்தால் மூலத்தைப் போலவே ரத்தம், அரிப்பு, வெளியே தள்ளும் ஒரு சதை. மெலனோமா என்றதும் கறுப்பாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் இந்த இடத்தில் வருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு நிறமே கிடையாது. சித்தப்பாவின் கட்டியும் வெளிர் சிவப்பாகத்தான் இருந்ததாம். அறுத்தவரை முழுதாகக் குறை சொல்ல முடியாது. டெஸ்டுக்கு அனுப்ப மறுத்ததைத்தான் சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த எந்தச் சதையும் பயாப்சிக்குப் போகட்டும். அந்தச் செலவு ஒரு நாள் ரூம் வாடகை அளவுக்குக்கூட வராது.

இனி, கையில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆறு மாதம் ஃபைல் தூக்கிக்கொண்டு அலைந்தவன். எந்த முடிவுக்கு எவ்வளவு கனம் என்று அலைந்ததில் ஓரளவு புரிந்தது.

முதலில் கசப்பான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1998 இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 85,000 மெலனோமா நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் தோல் மெலனோமாவில் 81 சதவீதம், சவ்வு மெலனோமாவில் 25 சதவீதம். ஆசனவாய் அதிலும் கடைசி வரிசை. 20 சதவீதம், அதற்கும் கீழே என்றுதான் பல தொகுப்புகள் சொல்கின்றன. இவை இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்மேல் ஏவும் மருந்துகள், வருவதற்கு முந்திய எண்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மூக்கு, வாயில் வரும் மெலனோமாவுக்கு ஸ்டேஜ் போடும்போது ஒன்று, இரண்டு என்பதே கிடையாது. எவ்வளவு சின்னக் கட்டியானாலும் மூன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆசனவாய்க்கு அந்த மாதிரி நுணுக்கமான பட்டியலும் இல்லை. அங்கேயே இருக்கிறதா, பக்கத்து நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா, நுரையீரல், கல்லீரல் என்று தூரம் போயிருக்கிறதா என்று மூன்று நிலை, அவ்வளவுதான். எந்த முடிவு எடுப்பதற்கும் முன்னால் இந்த மூன்றில் எது என்று தெரிய வேண்டும். அதற்கு பெட் ஸ்கேன், இடுப்புக்கும் மூளைக்கும் எம்.ஆர்.ஐ. அதோடு, பயாப்சி செய்த லேபிலிருந்து ஸ்லைடையும் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, பெரிய கேன்சர் மருத்துவமனையில் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். எஸ் 100, எச்.எம்.பி. 45, சாக்ஸ் 10 என்ற சாயங்கள் போட்டுத்தான் உறுதி செய்வார்கள்.

ஸ்கேனில் நோய் அந்த இடத்தைத் தாண்டவில்லை என்று வந்தது. சண்டை அப்புறம்தான் ஆரம்பித்தது.

ஒரு சர்ஜன் ஏ.பி.ஆர். என்றார். ஆசனவாய், மலத்தை அடக்கும் சுருக்குத் தசை, மலக்குடல் மூன்றையும் ஒட்டுமொத்தமாக எடுத்து, கீழே தைத்து மூடிவிட்டு, வயிற்றின் இடது பக்கம் துளை போட்டு, மலம் சேர நிரந்தரமாகப் பை. இன்னொரு சர்ஜன், கட்டி இருந்த இடத்தைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து வெட்டினால் போதும், சுருக்குத் தசையைக் காப்பாற்றிவிடலாம் என்றார். வீட்டில் எல்லோரும் முதலாமவர் பக்கம். "வேரோட எடுத்துடுங்க டாக்டர்" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். மாமா மகன் பாப் மார்லியின் கதையை எடுத்துவந்தான். கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா. 1977 இல் விரலை எடுக்கச் சொன்னபோது அவர் மறுத்தார், நகத்தையும் அடிச்சதையையும் மட்டும் எடுத்தார்கள், 1981 இல் 36 வயதில் இறந்துபோனார். "பெருசா வெட்டியிருந்தா பிழைச்சிருப்பார்ல?" யாருக்குத் தெரியும்?

விரலைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. ஆசனவாயைப் பற்றி ஓரளவு சொல்ல முடியும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 1995 இல் தன் பழைய நோயாளிகளின் கணக்கைப் பார்த்தபோது, நீண்டகாலம் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களாக இருந்தார்கள். அதனால் முடிந்தவர்களுக்கு அதையே செய்யலாம் என்றார்கள். அதே மருத்துவமனை 2006 இல் மறுபடி பார்த்தது. குணமாக்கும் நோக்கத்தோடு ஆபரேஷன் செய்த 46 பேரில் 19 பேருக்குப் பெரியது, 27 பேருக்குச் சின்னது. ஐந்து வருடக் கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 35 சதவீதம். தன் பழைய முடிவைத் தானே திருத்திக்கொண்ட மருத்துவமனை என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை கூடுதல். ஸ்வீடன் நாடு முழுவதும் இருநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், எந்த ஆபரேஷன் என்பதைவிட வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமில்லாமல் இருந்ததா என்பதுதான் உயிரைத் தீர்மானித்தது.

ஏன் இப்படி? இந்த நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக வெளியே போய்விடுகிறது. பெரும்பாலோர் இறப்பது நுரையீரலிலோ கல்லீரலிலோ மூளையிலோ அது தலைகாட்டும்போது. அத்தை சொன்ன வேர் ஆசனவாயில் இருந்திருந்தால் ஏ.பி.ஆர். அதை எடுத்திருக்கும். அங்கே இல்லாத வேரைத் தேடி இடுப்பையே காலி செய்வதில் என்ன பயன்?

பெரிய ஆபரேஷனுக்குச் சாதகமான ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கட்டி அதே இடத்தில் திரும்ப வருவது அதில் குறைவு. மலக்குடலை ஒட்டிய நெறிகளும் சேர்ந்து வெளியே வந்துவிடும். சின்ன ஆபரேஷனில் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். அதற்குத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பது. டெக்சாஸில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை, 30 கிரே கதிர்வீச்சை ஐந்தே தடவையில் கொடுப்பது. மற்ற புற்றுநோய்களுக்கு ஐந்தாறு வாரம் தினமும் போய்ப் படுப்பதுபோல இல்லை. அப்படிச் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த இடத்தில் நோய் அடங்கியது. ஆயுளைக் கரண்ட் நீட்டுவதாகத் தெரியவில்லை. பை வைக்காமல் இருக்கும் காலத்தைத்தான் நீட்டுகிறது. மீறித் திரும்பி வந்தாலும் அப்போது ஏ.பி.ஆர். செய்ய வழி உண்டு. இன்று பெரியதைச் செய்துவிட்டால் நாளைக்கு அதைச் சின்னதாக மாற்ற முடியாது.

ஆண்களிடம் யாரும் வாய்திறந்து சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஆணின் இடுப்பு குறுகியது. மலக்குடலை ஒட்டித்தான் ஆண்குறி விறைப்புக்கும் சிறுநீருக்கும் போகும் நரம்புகள் ஓடுகின்றன. ஏ.பி.ஆரில் அவை அடிபட வாய்ப்புண்டு. 62 வயதில் இதெல்லாம் ஒரு கேள்வியா என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சித்தப்பாவே ஒரு நாள், அறையில் நான் மட்டும் இருந்தபோது, "அது போயிருமாடா?" என்று கேட்டார். அதை சர்ஜனிடம் கேட்க மூன்று வாரம் அவருக்குத் தைரியம் வரவில்லை. நோயாளி கேட்க மாட்டார் என்று தெரிந்தால் கூடப் போகிறவர் கேட்டுவிட வேண்டும்.

பையைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். சித்தப்பாவின் பயம் வேறு மாதிரி. வருடாவருடம் பழனிக்கு நடந்து போகிறவர். பையோடு சன்னிதிக்குள் போகலாமா என்பதுதான் அவர் கவலை. "போகலாம்ப்பா, எங்க வார்டுல இருந்து போனவங்க எத்தனையோ பேர், யாருக்கும் தெரியாது" என்றாள் மகள். உண்மைதான். பை வைத்துக்கொண்டு வயல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் சிரமம், அப்புறம் பழகிவிடும். பைக்குப் பயந்து மட்டும் யாரும் ஏ.பி.ஆரை மறுக்கக் கூடாது. கட்டி சுருக்குத் தசைக்குள்ளேயே போயிருந்தால், ஆசனவாய்க் குழாயைச் சுற்றி வளைத்திருந்தால், சின்னதாக வெட்டினால் ஓரம் சுத்தமாக வராது என்று எம்.ஆர்.ஐ. சொன்னால், ஏற்கனவே மலம் அடக்க முடியாத நிலை என்றால், பெரியதுதான் சரி. ஓட்டை வாளியைக் காப்பாற்றுவதுபோல, வேலை செய்யாத தசையைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. ஆனால் பெட் ஸ்கேனில் ஏற்கனவே நுரையீரலில் புள்ளிகள் என்றால், குணமாக்குவதற்காகப் பெரிய ஆபரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரத்தம் நிற்கவில்லை, மலம் அடைத்துவிட்டது என்றால் அதற்காக மட்டும் ஏதாவது செய்யலாம்.

ஓரம் சுத்தமாக வரும் என்று சர்ஜன் சொன்னால் சின்ன ஆபரேஷன், பிறகு கரண்ட். இதுதான் என் தீர்ப்பு. இந்த இரண்டில் எது என்று தலையை உடைத்துக்கொண்ட நேரத்தில் பாதியை அடுத்த கேள்விக்குக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மூக்கில் வந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே வாதம்தான். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம், அடைப்பு என்று வருவார்கள். முகத்தைத் திறந்து எடுப்பதா, எண்டோஸ்கோப் வழியாகவா என்றால், முழுதாக எடுக்க முடியுமானால் எண்டோஸ்கோப் போதும் என்றுதான் இன்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். பிறகு கரண்ட் வைப்பது வழக்கம். அதுவும் அந்த இடத்தைக் காக்கும், ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஜப்பானில் ஆபரேஷன் முடியாதவர்களுக்குக் கார்பன் அயனிக் கதிர் கொடுக்கிறார்கள்.

சரி, ஆபரேஷன் முடிந்தது, ஓரம் சுத்தம். இனி சும்மா இருப்பதா, மருந்து போடுவதா?

இங்கே மூன்று வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் காத்திருப்பது ஒன்று. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி ஊசியை ஒரு வருடம் போடுவது இன்னொன்று. மூன்றாவது கீமோ. தோல் மெலனோமாவில் இம்யூனோதெரபிக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அந்த ஆராய்ச்சிகளில் சவ்வு மெலனோமாக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். இந்த நோயை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த முக்கியமான ஆராய்ச்சி பெய்ஜிங்கில் நடந்து 2013 இல் வெளிவந்தது. 189 பேர், மூன்று குழு. சும்மா இருந்தவர்களுக்கு நோய் திரும்பிய காலத்தின் நடுமதிப்பு (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் திரும்பிவிட்டது) 5.4 மாதம், இன்டர்ஃபெரான் என்ற பழைய எதிர்ப்புச் சக்தி ஊசி போட்டவர்களுக்கு 9.4 மாதம், டெமோசோலமைடு மாத்திரையும் சிஸ்பிளாட்டின் ஊசியும் சேர்ந்த கீமோ எடுத்தவர்களுக்கு 20.8 மாதம். ஆயுளின் நடுமதிப்பு 21.2, 40.4, 48.7 மாதம். மேற்கத்திய நாடுகளில் இந்தக் கீமோவைப் பரவலாக ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு அதே பெய்ஜிங்காரர்கள் டோரிபாலிமாப் என்ற இம்யூனோதெரபியை இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டார்கள். நோய் திரும்பும் காலம் இரண்டிலும் சுமார் 13, 14 மாதம்தான். பக்கவிளைவு இம்யூனோதெரபியில் குறைவு.

இதிலிருந்து எனக்குப் புரிவது: இந்தக் கட்டத்தில் விலை கூடிய மருந்துதான் நல்ல மருந்து என்று சொல்லிவிட முடியாது. இம்யூனோதெரபி ஒரு வருடத்துக்கு லட்சக்கணக்கில் போகும். கீமோவுக்கு அதில் ஒரு சின்னப் பங்கு. ஆபரேஷனும் கரண்டும் அரசுக் காப்பீட்டில் வந்துவிடும், இந்த ஊசிகள் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டை அடமானம் வைத்து இந்தக் கட்டத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, நோய் திரும்பும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதைவிட, சிறுநீரகமும் காதும் தாங்கும் என்றால் கீமோவைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்பது நல்லது. காது என்றேனே, சிஸ்பிளாட்டினில் காது கேட்பது குறையலாம்.

நோய் பரவிவிட்டவர்களின் நிலை வேறு. அங்கே இம்யூனோதெரபிதான் முன்னால் நிற்கிறது. கேள்வி ஒற்றை மருந்தா, இரட்டை மருந்தா என்பது. செக்மேட் 067 என்ற பெரிய ஆராய்ச்சியில் 79 பேர் சவ்வு மெலனோமாக்காரர்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்துப் போட்டவர்களில் 36 சதவீதம். நிவோலுமாப் மட்டும் போட்டவர்களில் 17. இபிலிமுமாப் மட்டும் என்றால் 7. ஆள் கணக்கு சின்னது, அதனால் இந்த எண்களை இரும்புபோல் பிடித்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் பழைய காலத்தில் பரவிய நோய்க்கு ஐந்து வருடம் என்ற பேச்சே அபூர்வம்.

இரட்டை மருந்துக்கு விலை பணம் மட்டும் இல்லை. அந்த ஆராய்ச்சி முழுவதிலும் அதை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு. ஒற்றை மருந்தில் நாலில் ஒருவருக்கும் குறைவு. உடம்பின் காவல்படை அவிழ்த்துவிடப்பட்டு, குடல், கல்லீரல், தைராய்டு என்று சொந்த வீட்டையே தாக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்தப் பார்க்கக் கூடாது. உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், ஸ்டீராய்டு தேவைப்படலாம். சுருக்குத் தசையில் ஏற்கனவே வெட்டு விழுந்தவருக்கு ஒரு நாளில் பத்துத் தடவை போவது என்றால் என்ன பாடு என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நடமாட்டம் நன்றாக இருக்கிறது, மருத்துவமனை பக்கத்தில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றால் இரட்டை மருந்தைக் கேட்கலாம். எழுபது தாண்டியவர், தனியாக இருப்பவர், ஊர் தூரம் என்றால் ஒற்றை மருந்து. சீனாவில் டோரிபாலிமாபோடு ஆக்சிட்டினிப் மாத்திரை சேர்த்து 29 பேருக்குக் கொடுத்ததில் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது என்ற செய்தி நம்பிக்கை தருகிறது. ஆனால் 29 பேர்தான்.

எல்லோரும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய டெஸ்ட் ஒன்று உண்டு: மரபணு டெஸ்ட், குறிப்பாக கிட் என்ற ஜீன். தோல் மெலனோமாவில் பேசப்படும் பி.ராஃப் என்ற ஜீனின் மாற்றம் இங்கே குறைவு; கிட் மாற்றம் பத்தில் ஒருவருக்கு, சில தொகுப்புகளில் இருவருக்குக்கூட இருக்கிறது. இருந்தால் இமாட்டினிப் மாத்திரை வேலை செய்ய வாய்ப்புண்டு. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். 2013 இல் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் கம்பெனியின் காப்புரிமை மனுவைத் தள்ளுபடி செய்தது; இந்தியக் கம்பெனிகள் தயாரிப்பதால் இங்கே மலிவாகக் கிடைக்கிறது. சீனாவில் கிட் கோளாறு இருந்த 43 பேருக்குக் கொடுத்ததில் நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மருந்து பலிக்காமல் போய்விடும். அதனால் இம்யூனோதெரபிக்கு இது மாற்று என்று சொல்ல மாட்டேன். அது பலிக்காதபோது, அல்லது அதற்கு வழியே இல்லாதபோது கையில் இருக்கும் இன்னொரு சீட்டு. மாற்றம் கிட் ஜீனின் எக்சான் 11, 13 என்ற பகுதிகளில் என்று ரிப்போர்ட்டில் வந்தால் வாய்ப்பு நல்லது. வெறுமனே ஜீன் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று மட்டும் வந்தால் பலன் குறைவு.

சித்தப்பா சின்ன ஆபரேஷனைத்தான் தேர்ந்தெடுத்தார். பழைய இடத்தை மறுபடி அகலமாக வெட்டினார்கள். ஓரம் சுத்தமாக வந்தது. ஐந்து தடவை கரண்ட். உட்காரும்போது எரிச்சல் இரண்டு மாதம் இருந்தது, காற்றுக்கும் மலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சில நாள் தவித்தார், இப்போது பரவாயில்லை. கிட் டெஸ்டில் ஒன்றும் இல்லை. கீமோ நாலு தடவை ஏறியபோது காதில் இரைச்சல் என்றார், நிறுத்திவிட்டார்கள். முதல் ஸ்கேன் சுத்தம். அடுத்தது தை கடைசியில் வருகிறது. தைப்பூசத்துக்கு நடந்துவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தேதியை இரண்டு வாரம் தள்ளச் சொல்லியிருக்கிறார். டாக்டர் ஒரு வாரம்தான் தள்ளினார்.